எங்கள் பொடியன்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படுவான்கரையிலும் பிறகு கல்முனைப் பக்கத்திலும் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மாரும் தகப்பன்மாரும் அம்மம்மாமாரும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன். கேள்விகள் பலவானாலும் அடியில் நான் காண்பது ஒரே விடயம்தான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு பொடியன்களோடு கதைப்பதை நாங்கள் நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர்கள் காதில் விழுவது கட்டளையும் ஏச்சும்தான்.

அக்கா நன்றாகப் படிக்கிறாள். தம்பி கொப்பியைத் திறப்பதே இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு இயல்பிலேயே படிப்பு ஏறாதா?

அப்படி எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் காணும் வித்தியாசம் உண்மைதான். இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்று பெண்கள். பொறியியல் போன்ற சில பீடங்களில்தான் ஆண்கள் இன்னும் கூடுதலாக இருக்கிறார்கள்.

காரணத்தை மூளையில் தேடாமல் பின்னேரத்தில் தேடுங்கள். நான்கு மணிக்குப் பிறகு மகள் எங்கே? வீட்டில். வெளியே விடமாட்டீர்கள். அடுக்களையில் உதவி செய்வாள், முற்றம் கூட்டுவாள், பிறகு மேசையில் உட்காருவாள். மகன் எங்கே? "எங்கயாவது நிப்பான்." எத்தனையோ வீடுகளில் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். பெண் பிள்ளையைக் கட்டிப்போடுவதை நான் மெச்சவில்லை. அதனால் அவள் இழப்பது நிறைய. ஆனாலும் அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று யாரோ ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகனைப் பார்க்க ஆளில்லை. அவனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் கைவிட்டிருக்கிறோம்.

இன்னொன்று, எழுத்திலும் வாசிப்பிலும் சிறுவயதில் பெண் பிள்ளைகள் சற்று முந்துவது உலகம் முழுக்கக் காணப்படுவது. ஆரம்ப வகுப்பில் பொடியனின் எழுத்து கோணலாக இருக்கும், கொப்பி அழுக்காக இருக்கும். "அவள்ற கொப்பியப் பார், உன்ற கொப்பியப் பார்" என்று நாலு தரம் சொன்னால் போதும். தான் படிக்கிற ஆளில்லை என்று அவன் இரண்டாம் வகுப்பிலேயே முடிவெடுத்துவிடுவான். அந்த முடிவைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தரம் 8 வந்துவிட்டான். கொப்பி நிறைய எழுதியிருக்கிறான். ஆனால் எல்லாப் பாடத்திலும் பத்து, பதினைந்து புள்ளிதான். என்ன காரணம்?

முதலில் அவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பாருங்கள். கோபப்படாதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். கரும்பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல், அழகான எழுத்தில் பார்த்தெழுதுவான். அதே வரியை வாசி என்றால் முதல் எழுத்தைப் பார்த்து ஒரு சொல்லை ஊகித்துச் சொல்வான்; 'விவசாயம்' என்று இருக்கும், 'விளையாட்டு' என்பான். ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிச் சிலர் பின் வரிசையில் இருப்பார்கள். குழப்படிக்காரர் என்று பெயர் எடுப்பவர்களும் அநேகமாக இவர்கள்தான். வாசிக்கத் தெரியாது என்று நாற்பது பேருக்கு முன்னால் தெரியவருவதைவிடக் குழப்படிக்காரன் என்ற பெயர் அவனுக்கு மேல்.

பரிசோதிப்பது சுலபம். பாடப்புத்தகம் வேண்டாம். பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தை எடுத்து, நேற்று என்ன நடந்தது என்று வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். இரண்டு பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தால் பிரச்சினை வேறெங்கோ. தடுமாறினால் ரியூசனுக்கு அனுப்பிப் பயனில்லை. ரியூசனும் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், யாரும் பார்க்காத இடத்தில், அவனுக்குப் பிடித்த எதையாவது பக்கத்தில் இருந்து வாசிக்க வையுங்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்த அக்கா இருந்தால் அவளே போதும், கேலி செய்யாமல் இருந்தால். கண்ணையும் காதையும் ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. அதிலிருந்து தகப்பன் அவனோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.

பத்து வயதுப் பிள்ளை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப் பணமும், பெயர்பெற்ற பாடசாலைகளில் தரம் 6-க்கு இடமும் கொடுப்பதற்கான பரீட்சை அது. பிள்ளையின் ஆயுளுக்குமான தராசாக அதை ஆக்கியது நாங்கள். பெறுபேறு வந்த மறுநாளே பாடசாலை வாசலில் படம் போட்ட பனர் ஏறும். அந்தப் பனருக்குக் கீழேதான் மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் வருடம் முழுக்கக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார்கள். அந்தப் படங்களில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி எந்த அதிபரும் பெற்றார் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

தகப்பன் இன்றைக்கே மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகட்டும். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டாம்.

பாடசாலையில் அடிக்கிறார்கள். "அடிச்சாத்தான் பொடியன் படிப்பான்" என்று வீட்டுக்காரரும் சொல்கிறார். சரியா?

சரியில்லை, அதற்கு அனுமதியும் இல்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வியமைச்சு 2005-லும் திரும்ப 2016-லும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தென்பகுதியில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்து ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் அடி இன்னும் இருக்கிறது. அதில் பெரும்பங்கு விழுவது ஆண் பிள்ளைகளின் முதுகில்தான். பெண் பிள்ளை பிழை விட்டால் ரீச்சர் கூப்பிட்டுத் தனியே கதைப்பார். பொடியன் விட்டால் பிரம்பு. கதைத்தால் விளங்கும் என்ற நம்பிக்கையே அவன் விடயத்தில் இல்லை. அடி வாங்கிய பொடியன் அழாமல் சிரித்துக்கொண்டு கதிரைக்குத் திரும்புவான், கூட்டாளிகள் கை தட்டுவார்கள். அன்றைக்கு அவன் கற்றுக்கொள்வது நோவை மறைக்க மட்டும்தான். அப்படிப் பழகியவன் நாளைக்குத் தன் மனைவி, பிள்ளை மேல் கை வைக்கும்போது எதிரில் நிற்பவருக்கு நோகும் என்பதே அவனுக்கு உறைக்காது.

முறையிடுவதென்றால் முதலில் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். பிள்ளைக்குக் காயமென்றால் காத்திருக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக எடுக்கலாம், தமிழில் பேசலாம்.

முடி வெட்டவில்லை, காற்சட்டை ஒடுக்கம் என்று வாசலில் நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கும் முறையிடலாமா?

பாடசாலை விதி இருந்தால் முடியை வெட்டி அனுப்புங்கள், அதில் சண்டை வேண்டாம். ஆனால் எல்லாருக்கும் முன்னால் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி விடுவது ஒழுக்கம் கற்பிப்பதாகாது, அவமானப்படுத்துவது. அதைக் கட்டாயம் கேளுங்கள். முடிக்காக நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு பாடம் பிறகு திரும்பி வராது என்பதையும் அதிபருக்குச் சொல்லுங்கள்.

மகன் அழுதால் "பொம்புளப் புள்ள மாதிரி அழாத" என்று மாமாமார் சொல்கிறார்கள். நான் தேற்றினால் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனாம்.

தேற்றுங்கள். பத்து வயதிலும் தேற்றுங்கள், பதினேழிலும் தேற்றுங்கள். பெரியவனாகிவிட்டான் என்று தாய் தலை தடவுவதை நிறுத்தும் வயதிலேயே ஆசிரியரும் பொறுமையை நிறுத்துகிறார், தகப்பனும் கட்டளைக்கு மாறுகிறார். மூன்றும் ஒன்றாய் நிற்கிற அந்த வருடத்தில் பொடியன் எவ்வளவு தனித்துப்போகிறான் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாமாமார் பழைய காலத்தைப் பற்றிப் பேசினால் கூத்தை நினைவுபடுத்துங்கள். எங்கள் ஊர்களில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தையும் ஆடியவர்கள் ஆண்கள். பெண் பாத்திரமும் அவர்கள்தான். தாடி அரும்பாத பொடியனைக் கூத்து ஆசானான அண்ணாவியார் தெரிந்தெடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். சதங்கை அணிந்து, பிறகு களரியில் அரங்கேறி, திரௌபதையாக அவன் அழுது பாடும்போது கச்சான் கொறித்துக்கொண்டிருந்த கிழவர்களும் கண்ணைத் துடைப்பார்கள். மறுநாள் அவனை ஊரில் யாரும் கேலி செய்ததில்லை. நல்லாப் பாடினாய் மனே என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். ஆண் பிள்ளை அழக்கூடாது என்பது எங்கள் மூதாதையர் வைத்த சட்டம் என்றால், அந்த மத்தள அடிக்கு அழுத ஆண்கள் எல்லாம் யார்?

கூத்தில் இன்னொரு நன்மையும் இருந்தது. வயது வந்த ஆண்கள் இளம் பொடியன்களோடு மாதக்கணக்கில் ஒன்றாயிருந்து, ஒரு வேலையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கரைவலைத் தோணியிலும் வயல் வாடியிலும் அப்படித்தான். இப்போது பதினைந்து வயதுப் பொடியனோடு அரை மணித்தியாலம் கதைக்கிற வளர்ந்த ஆண் எத்தனை பேர்? சந்தியில் நிற்கும் இருபது வயதுக்காரன்தான்.

இது வெறும் மனவருத்தக் கதை இல்லை. இலங்கையில் உயிரை மாய்த்துக்கொள்பவர்களில் ஆண்கள் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். மகன் சாப்பாட்டைக் குறைத்து, கூட்டாளிகளை விட்டு, "நான் இருந்தென்ன" என்ற மாதிரிப் பேசினால் விளையாட்டாக எடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் வேலை செய்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது.

தகப்பன் நல்ல மனிதர். ஆனால் மகனோடு ஒரு சொல் கதைக்கமாட்டார். ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் அவருடைய பிள்ளைப் பருவத்தில் இருக்கும். இன்று நாற்பத்தைந்து வயதில் இருக்கும் தகப்பனுக்கு 1990-இல் பத்து வயது. அந்த வருடம் காத்தான்குடியிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தமிழரோ முஸ்லிமோ, அந்த வயதுப் பொடியனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. சுற்றிவளைப்பு, சோதனைச்சாவடி, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அண்ணனைத் தேடித் திரிந்த தாய் எப்போது அழுவாள் என்று பார்த்துக்கொண்டு சின்னவன் பேசாமல் இருந்தான். 2004 மார்கழியில் கடல் வந்தபோதும் பிணம் தூக்கியவர்கள் இந்த ஆண்கள்தான். அவர்களை உட்கார வைத்து, என்ன கண்டாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே அவருக்கு மகன் மேல் அன்பில்லை என்று நினைக்க வேண்டாம். கதைக்கப் பழகவில்லை. நேருக்கு நேர் உட்கார வைத்தால் இரண்டு பேரும் நிலத்தைப் பார்ப்பார்கள். ஏதாவது வேலையைச் சேர்த்துக் கொடுங்கள்: வேலி அடைக்க, மோட்டார் சைக்கிள் கழுவ, வயலுக்குத் தண்ணி பார்க்கப் போக. கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும்.

மகளுக்கு வீடு கட்ட வேண்டும். மகன் ஏ/எல் (உயர்தரம்) படிப்பை விட்டுக் கட்டாருக்குப் போகிறேன் என்கிறான். தடுப்பதா, விடுவதா?

மட்டக்களப்பு, அம்பாறைக்கே உரிய கேள்வி இது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எங்களிடம் தாய்வழிக் குடி முறை. தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். இந்த முறையில் பெண்ணுக்கு ஒரு பலம் இருக்கிறது. புருசன் விட்டுப் போனாலும் செத்துப் போனாலும் அவள் தலைக்கு மேலே கூரை இருக்கும். யுத்தத்துக்கும் சுனாமிக்கும் பிறகு அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே முறையை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதன் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்று பாருங்கள். அக்காவைக் கரைசேர்க்க வேணும் என்ற சொல்லை ஒரு பொடியன் பத்து வயதிலேயே கேட்கத் தொடங்குகிறான். மூன்று அக்கா தங்கை உள்ள வீட்டில் அவன் தான் என்ன படிக்க விரும்புகிறான் என்று நினைப்பதற்கு முன் எத்தனை மூட்டை சீமெந்து தேவை என்று கணக்குப் பார்க்கிறான். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியால் போனால் இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் மாடிச் சுவர்களைக் காணலாம். அநேகமான சுவருக்குப் பின்னால் பாலைவனத்தில் நிற்கும் ஒரு தம்பி இருக்கிறான். கட்டி முடித்த வீடும் அவனுடையது இல்லை. கலியாணம் வரை விறாந்தையில் படுப்பான், பிறகு மனைவி வீட்டுக்குப் போவான்.

இதில் மகளிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பதும் ஒரு குறை. அவளும் படித்து வேலைக்குப் போனால், வீட்டில் ஒரு பங்கு அவளே கட்டுவாள். மாப்பிள்ளை வீட்டாரும் இரண்டு அறை போதும் என்று சொல்லப் பழக வேண்டும். ஊர்ப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள் இதை வாய்விட்டுப் பேசலாம். இரண்டு அறை வீட்டில் மகனுக்குக் கலியாணம் பேசி முதலில் செய்து காட்டலாம்.

உங்கள் மகனுக்கு வருவோம். போவதென்றால் கைத்தொழிலோடு போகட்டும். ஒன்றும் தெரியாமல் போகிறவன் கூலியாளாகப் போகிறான். மின்னிணைப்பு, ஏசி திருத்துதல், வெல்டிங் என்று ஒரு தொழிலைப் பழகி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு போகிறவனுக்குச் சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு. தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் பாடநெறிகள் இருக்கின்றன. ஏ/எல் முடிய இன்னும் ஒரு வருடம்தான் என்றால் எழுதிவிட்டே போகட்டும். வீடு ஒரு வருடம் பிந்தினால் குடி முழுகிப் போகாது. அவனிடம் இதையும் சொல்லுங்கள்: "அக்காவின் வீடு எங்கள் எல்லாருடைய பொறுப்பு, உன் ஒருவனுடையது இல்லை." இதை யாரும் சொல்லாததால்தான் அவன் புத்தகத்தை மூடினான்.

நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். மகன் அம்மம்மாவோடு. தொலைபேசியில் என்னோடு கதைக்க மாட்டேன் என்கிறான்.

கோபம்தான், வெறுப்பு இல்லை. நீங்கள் எடுக்கும்போதெல்லாம் "படிச்சியா? அம்மம்மா சொன்னதக் கேட்டியா?" என்று விசாரணை வைத்தால் எந்தப் பிள்ளையும் ஓடும். உங்கள் நாளைச் சொல்லுங்கள்: இன்றைக்கு என்ன சமைத்தேன், எங்கே சூடு, எதற்குச் சிரித்தேன். அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். காசு அனுப்பும்போது அதை அவன் கையில் நேரடியாகக் கொடுக்க வேண்டாம். ஊரில் நம்பிக்கையான ஒரு பெரியவர், சித்தப்பாவோ மாமாவோ, கிழமைக்கு ஒருநாள் அவனைக் கண்டு பேச ஒழுங்கு செய்யுங்கள்.

பெண் பிள்ளை பெரியபிள்ளையானால் விழா எடுக்கிறோம். பொடியனுக்கு உடம்பு மாறும்போது யார் சொல்லிக்கொடுப்பது?

யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முஸ்லிம் வீடுகளில் சுன்னத்துக் கலியாணம் உண்டு, ஆனால் அது சின்ன வயதில் முடிந்துவிடும். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடப்புத்தகத்தில் பருவ வயது மாற்றங்களைப் பற்றிப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது "வீட்ட போய் வாசியுங்கோ" என்று சொல்லித் தாண்டிவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிறகு கூட்டாளியின் போனில் ஆபாசப் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது, மீசை பிந்துவது எல்லாம் இயற்கை, நோயில்லை என்று பன்னிரண்டு வயதுக்குள் யாராவது ஓர் ஆண் அவனுக்குச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. தகப்பனுக்கு வெட்கமென்றால் தாய்மாமன் செய்யட்டும். இதைத் தெரியாமல் தனக்கு ஏதோ வருத்தம் என்று பயந்து, பகிரங்க விளம்பர மருந்துக்காரரிடம் காசைக் கொட்டிய பொடியன்கள் உண்டு.

ஆண் பிள்ளைதானே, தனியாக அனுப்பினால் பயமில்லை என்கிறார்கள்.

பயமுண்டு. ஆண் பிள்ளைகளும் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார்கள், பெரும்பாலும் தெரிந்த, வீட்டார் மதிக்கும் ஆளால். 1995-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய பிரிவு ஆண் பிள்ளைக்கும் பொருந்தும். ஓர் இடத்துக்கோ ஓர் ஆளிடமோ போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், காரணம் சொல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள். சொன்னால் நம்புங்கள். "ஆம்புளப் புள்ளைக்கு என்ன நடந்திருக்கும்" என்ற ஒரு சொல் அவன் வாயை ஆயுளுக்கும் அடைத்துவிடும். 1929 இதற்கும்தான். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம்.

மகன் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான் என்று சந்தேகம். பொலிஸில் சொல்லவா?

முதலில் வைத்தியரிடம். இரவுகளில் தூக்கமே இல்லாமை, திடீர் மெலிவு, பசியின்மை, காரணமில்லாத எரிச்சலும் சந்தேகமும், வீட்டில் சாமான் காணாமல் போவது ஆகியவை அடையாளங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பாவிக்கிறவன் நோயாளி, சிகிச்சை தேவை. விற்கிறவன் வேறு. விற்கிறவர்கள் பள்ளிக்கூடப் பொடியன்களைக் காவிச் செல்லப் பயன்படுத்துவதுதான் பெரிய ஆபத்து: 2022 சட்டத் திருத்தத்தின்படி 5 கிராமும் அதற்கு மேலும் ஐஸ் வைத்திருந்தால் தண்டனை ஆயுள் சிறை, மரண தண்டனை வரை போகும். "ஒரு பாசல்தானே, கொண்டுபோய்க் கொடு" என்று யாராவது சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மகனுக்கு இன்றே விளங்கப்படுத்துங்கள்.

தனிமையும் வெறுங்கையும் உள்ள பொடியனைத்தான் அவர்கள் தேடுவார்கள். பின்னேரம் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் போகிறவனையும் எட்டு மணிக்கு வீட்டில் "சாப்பிட்டியா" என்று கேட்க ஒருவர் காத்திருக்கும் பொடியனையும் பிடிப்பது கடினம்.

எந்நேரமும் போனில் 'ஃப்ரீ ஃபயர்'. பறித்து வைக்கலாமா?

இரவில் எல்லாருடைய போனும் ஒரே இடத்தில், தகப்பனுடையதும் சேர்த்து. பறித்து உடைத்தால் கூட்டாளியின் போனுக்குப் போவான். அந்த விளையாட்டில் அவனுக்குக் கிடைப்பது என்ன என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். நன்றாகச் செய்தாய் என்று யாரோ சொல்கிறார்கள். வேறெங்கே அவன் அதைக் கேட்கிறான்?

பெற்றோருக்கு உதவியாக வயலுக்கும் கடலுக்கும் போவது தவறா?

லீவு நாளில் உதவுவது நல்லது, தொழிலும் பழகும். பாடசாலை நாளில் நிறுத்துவது தவறு. 2016-லிருந்து 16 வயது வரை பள்ளிப்படிப்பு கட்டாயம். 2021-லிருந்து வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 16. ஆபத்தான வேலையென்றால் 18. பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலத்தில் வரவு இடாப்பில் பொடியன்களின் பெயருக்கு நேரே வரிசையாகச் சைபர் விழுவதை எங்கள் பாடசாலைகளில் காணலாம். பதினான்கு வயதில் உழவு மெசின் ஓட்டுவதை வீரம் என்று மெச்சவும் வேண்டாம்.

ஓ/எல் (சாதாரண தரம்) கணிதம் சறுக்கிவிட்டது. இனி என்ன?

திரும்ப எழுதலாம். அதற்கிடையில் சும்மா இருக்க விடாதீர்கள். 2017-இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின்படி, ஓ/எல் சித்தியடையாதவர்களும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்பாடத் துறையில் தொடரலாம். எந்தப் பாடசாலையில், என்ன பாடம் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். தேசிய தொழில் தகைமை படிப்படியாக ஏழாம் மட்டம் வரை போகிறது, ஏழு என்றால் பட்டம். மெக்கானிக்காகத் தொடங்கியவன் பட்டதாரியாகலாம். "உருப்படாதவன் போற இடம்" என்று அந்த வழியைப் பழிக்கும் வாய்தான் பொடியன்களை முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

ஆண்கள் பாடசாலை நல்லதா, கலவன் பாடசாலையா?

மட்டக்களப்பில் ஆண்கள் பாடசாலைகளுக்கு நீண்ட பெருமை உண்டு. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814, புனித மிக்கேல் 1873, விபுலாநந்த அடிகளார் தொடங்கிய சிவானந்தா 1929. ஆனால் பெயரைப் பார்த்து அலையாதீர்கள். வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா, உங்கள் மகனின் பெயர் வகுப்பாசிரியருக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

திட்டமெல்லாம் பெண் பிள்ளைகளுக்குத்தான். எங்கள் பொடியன்கள் அதனால்தான் பின்தங்கினார்களா?

இல்லை. பெண் பிள்ளை முன்னேறியதால் பொடியன் விழவில்லை. அப்படிச் சொல்லிப் பழகிய பொடியன், வகுப்பில் கெட்டித்தனமாகப் பதில் சொல்லும் பிள்ளையை எதிரியாகப் பார்ப்பான், பிறகு மனைவியையும். வீட்டில் மகன் தேங்காய் துருவட்டும், சாப்பிட்ட கோப்பையைக் கழுவட்டும். மகள் பின்னேரம் கரப்பந்து விளையாடப் போகட்டும். இருவருக்கும் நல்லது.

இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்திருக்கிறான். தரம் 9. நாளைக்கு என்ன செய்ய?

நாளைக்குக் காலையில் எழுப்பி இழுக்க வேண்டாம். இன்று இரவு, மற்றப் பிள்ளைகள் படுத்த பிறகு, அவன் பக்கத்தில் போய் இருங்கள். "ஏன் போகல்ல" என்று கேட்டால் "சும்மா" என்பான். "அங்க ஆரும் உன்னை அடிக்கிறாங்களா? ஆரும் பழிக்கிறாங்களா? பாடம் விளங்கல்லையா? சப்பாத்துக் கிழிஞ்சிட்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்றில் கண் கீழே போகும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே முழுவதையும் சொல்ல வைக்க வேண்டாம்.

மறுநாள் அவன் இல்லாமல் நீங்கள் பாடசாலைக்குப் போங்கள். வகுப்பாசிரியரைவிட அவன் பெயரைச் சொன்னதும் முகம் மலரும் ஆசிரியர் யாரோ, விளையாட்டு சேரோ சித்திர ரீச்சரோ, அவரைத் தேடுங்கள். ஆலோசனையும் வழிகாட்டலும் பார்க்கும் ஆசிரியர் இருந்தால் அவரையும் சந்தியுங்கள். "அவன் வரும் நாளில் எல்லாருக்கும் முன்னால் 'ஆ, இப்பதான் வாறியா' என்று கேட்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக் கூட்டாளியோடு அனுப்புங்கள். திங்கட்கிழமையைவிடப் புதன்கிழமை நல்லது; மூன்றே நாள் தாண்டினால் கிழமை முடிந்துவிடும்.